எழுபது நாள் பீட்டர் இருந்த இடம்

பீட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நிதானமாக யோசித்தால், அந்தக் கோபத்தில் பங்கு கேட்கப் பத்துப் பேராவது வரிசையில் நிற்பார்கள். அதில் நானும் ஒருத்தி.

என் பெயர் நர்மதா. மாவட்டத்தின் மலேரியா பிரிவில் பூச்சி சேகரிப்பவள். அரசாங்கத்தில் இப்படி ஒரு வேலை இருப்பதாகச் சொன்னால் பெண் பார்க்க வந்தவர்களே நம்பவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்து, அங்கே உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை எண்ணி, எது ஆண், எது பெண், எது யாருடைய ரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் செய்கிறேன். தெருவில் எனக்குக் கொசு அக்கா என்று பெயர்.

பீட்டர் வெல்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் அவனுக்கும் எனக்கும் ஒரே சுவர். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். நிலம் கம்பெனியானதும் மகன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். இப்போது முப்பத்து நாலு வயது. அவன் போட்ட ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்தால் ஒரு புள்ளி தெரியாது என்று மற்ற வெல்டர்களே சொல்வார்கள். பேச்சு குறைவு. ஆனால் ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் தலை போனாலும் செய்வான். இந்தக் குணத்தைப் பெருமையாகத்தான் எல்லோரும் சொல்வோம். பெருமைப்பட்டது போதும் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் மனைவி சுகிர்தா செருப்புக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஒரு நாளைக்கு ஆயிரம் ஜோடி செருப்பு அவள் கைக்கு வந்து போகும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவாள். மகள் ஏஞ்சலின் ஒன்றாம் வகுப்பு.

போன வருஷம் மே மாதம் பீட்டரின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. கொசுக்கடி அளவுதான் இருந்தது. ஒரு மாதத்தில் அது ஐந்து ரூபாய் காசு அளவுக்குப் புண்ணாகி, ஓரம் தடித்து, நடுவில் குழிந்து பொருக்கு கட்டியது. வலியே இல்லை. அவன் கண்டுகொள்ளவும் இல்லை. வெல்டர்கள் கையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் தெரு ஆண்கள் எல்லோருக்கும் கையிலும் கழுத்திலும் பொறி தெறித்த தழும்பு உண்டு. கையில் புண் இருந்தால் அது பொறி பட்டது, அவ்வளவுதான். அது வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றாது. பீட்டரும் தீக்காயத்துக்கான களிம்பைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஜூன் மாதத்தில் இன்னொன்று வந்தது, கன்னத்து எலும்பின் மேல். கன்னத்தை ஹெல்மெட் மூடியிருக்கும்போது பொறி எப்படிப் படும் என்று சுகிர்தா கேட்டாள். செருப்பில் குறை கண்டுபிடிக்கிற கண் அது. அவன் அதற்கும் அதே களிம்பைத் தடவினான்.

பஜாரில் ஒரு கிளினிக்கில் படர்தாமரைக்குக் க்ரீம் கொடுத்தார்கள். அதைத் தடவத் தடவப் புண் அகலமானது. பிறகு அரசு மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். புண்ணைச் சுற்றிப் பஞ்சால் தடவியும் ஊசியால் குத்தியும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். காது மடலில் கீறி எடுத்துச் சோதித்தார்கள். தொழுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அந்தச் சோதனையை எதற்குச் செய்வார்கள் என்று வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரி ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. முடிவு வருவதற்கு முன்னால் அவள் வாய் வந்துவிட்டது. குழாயடியில் பீட்டரின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை.

அந்த ஜூலையில் சுகிர்தா மகளைக் கூட்டிக்கொண்டு சோழவரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவே சொல்கிற காரணத்துக்காகத்தான் போனாள் என்று நானும் நினைத்தேன். படித்த பிள்ளை, இப்படிப் பயப்படலாமா என்று மனசுக்குள் திட்டவும் செய்தேன். அந்தத் திட்டை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பீட்டர் என் வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்து கன்னத்துப் புண்ணைப் பாதி மூடியிருந்தது.

"அக்கா, உங்க ஆபீஸ்ல பெரிய டாக்டர் யார்னா கீறாங்களா? இது ஒட்டுவாரொட்டி இல்லன்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும். சுகிர்தாகிட்ட காட்டணும்."

"உள்ள வா. முதல்ல கைய காட்டு."

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரம் வரப்பு போட்டது போல உயர்ந்திருந்தது, நடுவில் பொருக்கு. அமுக்கினேன், அவன் முகம் மாறவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு பயிற்சியில் திரையில் இதே மாதிரி படம் போட்டார்கள். மணல் ஈ கடித்து வரும் தோல் நோய். கிருமி அந்த ஈயின் வயிற்றில் வளர்ந்து, அடுத்த கடியில் மனிதத் தோலுக்குள் இறங்கும். புண்ணாகத் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தின வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். நம் மாவட்டத்துக்கு இது வராது என்று வகுப்பு எடுத்தவரே சொன்னார்.

"பீட்டரு, வருஷத் தொடக்கத்துல எங்க வேலை பாத்த?"

"காட்டுப்பள்ளிக்கா. கப்பல் வேலை."

"எத்தினி நாளு?"

"எழுபது நாளு. பொங்கல் முடிஞ்சி போனேன், குருத்தோலை ஞாயிறுக்கு வந்துட்டேன்."

"வேற எங்கயும் போவல? மலை, காடு?"

"இல்லக்கா."

காட்டுப்பள்ளியில் கடலும் உப்புக்காற்றும் மணலும் இரும்பும்தான். பெயரில் மணல் இருந்தாலும் இந்த ஈ கடற்கரைக்கு ஆசைப்படுவதில்லை. அதற்கு நிழல் வேண்டும், ஈரமண் வேண்டும், பாறை இடுக்கும் எலி வளையும் வேண்டும். நான் நினைத்தது தப்பு என்று முடிவு செய்து, லெட்டர் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்ப இருந்தேன். அப்போதுதான் என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தோ என்னவோ, போனை எடுத்து, "நம்ம ஜாயின்ட்டு பாக்கறியாக்கா?" என்றான். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த ஒரு குழாயின் படம். தையல் போட்டது மாதிரி சீரான வெல்டிங். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. குழாய்க்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க மரம், மரத்தில் பாசி, அதற்கு மேல் மேகம்.

"இது காட்டுப்பள்ளியா?"

அவன் போனை வாங்கிக்கொண்டான்.

"சொல்லு. இது காட்டுப்பள்ளியாடா?"

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னான். காண்ட்ராக்டர் மணவாளன் பன்னிரண்டு வெல்டர்களைத் தெற்கே மலைக்காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். உச்சியிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் குழாயை மாற்றும் வேலை. காட்டுக்குள் தங்க நாலு பேருக்குத்தான் அனுமதி. மற்ற எட்டுப் பேரை மறைக்க, பன்னிரண்டு பேருக்கும் காட்டுப்பள்ளியில் வருகை போட்டான். லாரி ஏறும் முன்பே எழுபது நாளுக்கும் கையெழுத்து வாங்கிவிட்டான். அதற்கு முந்தின வருஷம் ஒருத்தன் அனுப்பிய காட்டுப் படத்தை அவன் மனைவி வாட்ஸப்பில் போட, எல்லோரும் மாட்டிக்கொண்டார்களாம். அதனால் யார் கேட்டாலும், பெண்டாட்டி கேட்டாலும், காட்டுப்பள்ளி என்றே சொல்ல வேண்டும் என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறான்.

"டாக்டருங்க கேட்டப்போ?"

"காட்டுப்பள்ளின்னுதான் சொன்னேன்."

"மூணு பேர்கிட்டயும்?"

"ஆமாக்கா. டேபுளுக்கு அந்தாண்ட உக்காந்துகினு எழுதறாங்க இல்ல."

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. எங்கள் பகுதி ஒப்பந்தத் தொழிலாளிக்கு, மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்து "எங்கே வேலை" என்று கேட்கிற எல்லோரும் இன்ஸ்பெக்டர்தான். அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினாலும் அதே கணக்குதான். இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலை டாக்டருக்குச் சொல்லி, மூன்று டாக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றி, தன் புண்ணைத் தானே வளர்த்திருக்கிறான்.

அந்த மலையில் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். பாறையை ஒட்டிக் கருங்கல் அடுக்கிக் கட்டிய பழைய ஷெட். கல்லுக்குக் கல் இடுக்கு. பின்சுவரில் எலி வளை. பகல் முழுக்கத் தோல் ஜாக்கெட்டுக்குள் வெந்துவிட்டு, சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் காற்று வாங்கியிருக்கிறார்கள். "கொசுவே கெடையாதுக்கா, அவ்ளோ நல்லா இருக்கும்" என்றான்.

கொசு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொசு காதில் ரீங்காரம் போட்டு எழுப்பிவிடும். மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்கு, சத்தமே போடாது, கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே நுழையும். அதால் தூரம் பறக்க முடியாது, தத்தித் தத்தித்தான் போகும். அது பாட்டுக்கு இடுக்கில் இருந்துகொண்டு, வளையில் இருக்கிற எலியையோ வேறு பிராணியையோ கடித்துக் காலம் தள்ளிக்கொண்டிருக்கும். கிருமியும் அவற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றுக்கு நடுவில் பன்னிரண்டு பேரைச் சட்டையில்லாமல் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் ஈ என்ன செய்யும்? காட்டின் மேல் எனக்குக் கோபமே இல்லை. இருக்கிற கோபமெல்லாம் மணவாளன் மேலும், சட்டையைக் கழற்றிய இந்த மடையன் மேலும்தான்.

அடுத்த வாரம் லீவு போட்டு அவனை சென்ட்ரலுக்கு ரயிலேற்றி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்: காடு என்று சொல்லு, மலை என்று சொல்லு. தலையாட்டினான். உள்ளே ஓர் இளம் டாக்டரம்மா. கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

"எங்க வேலை பண்றீங்க?"

"காட்டுப்பள்ளி மேடம்."

அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தேன். டாக்டரம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, புண்ணின் ஓரத்தில் சதையைச் சுரண்டி எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணிதான். அது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. புண்ணைச் சுற்றி வாராவாரம் ஊசி போட வேண்டும், மருந்து வெளியிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கன்னத்தில் தழும்பு தங்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

பீட்டர் அந்த அறிக்கையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பனியனுக்குள் வைத்துக்கொண்டு நேரே சோழவரம் போகலாம் என்றான். முகத்தில் சிரிப்பு. மூன்று மாதத்தில் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

சுகிர்தாவின் அம்மா ஞானம்மா எங்களுக்கு நாற்காலி போட்டார். ஏஞ்சலின் ஓடிவந்து அப்பா மடியில் ஏறப் போனாள்; அவனே பின்வாங்கினான், பழக்கமாகிவிட்டது. சுகிர்தா அறிக்கையைக் கையில் வாங்கினாள். நான் விளக்கினேன். வழக்கம்போல, வாய் தவறி, "பொம்பள ஈதான் கடிக்கும்" என்றும் சொல்லிவிட்டேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா" என்றாள் சுகிர்தா. "எந்தப் பொம்பளன்னுதான் தெரியல."

அப்போதுதான் அவள் ஏன் போனாள் என்று எனக்குப் புரிந்தது. தொழுநோய் என்று தெரு பேசியது. அவள் மனசில் ஓடியது வேறு நோய்.

"அம்மாவும் பாப்பாவும் நானும் பிப்ரவரில பிரியாணி செஞ்சி எடுத்துகினு காட்டுப்பள்ளி கேட்டுக்குப் போனோம்க்கா. செக்யூரிட்டி லிஸ்ட்ல பாத்தாரு. பேரு கீது. உள்ள போன் போட்டாரு. வரல. மூணு மணி நேரம் வெயில்ல நின்னோம். பாப்பா அங்கயே தூங்கிட்டா. வாரத்துக்கு ஒரு தபா போன் வரும். டவர் இல்லன்னுவாரு. கப்பல் கட்ற எடத்துல டவர் இல்லியாம். இங்கருந்து எவ்ளோ தூரம் அது? எழுபது நாள்ல ஒரு நாள் ஊட்டுக்கு வர முடியாதா? லிஸ்ட்ல பேர வெச்சிட்டு இந்தாளு எங்க போனாரு, யார் ஊட்ல இருந்தாரு?"

"காட்லதான் சுகி" என்றான் பீட்டர்.

"அன்னிக்கு காட்டுப்பள்ளின்ன. இன்னிக்கு காடுங்கற. ரெண்டுல எத நான் நம்பறது?"

போனில் இருந்த படத்தைக் காட்டினான். அதில் குழாய் இருந்தது, மரம் இருந்தது, அவன் இல்லை. யாரோ அனுப்பிய படமாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டாள். ஞானம்மா டீ கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் குடிக்கவில்லை.

இதற்குள் நோய் வந்த இடத்தை விசாரிக்கும் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து மணவாளனுக்குப் போனது. அவன் பதிலோடு வருகைப் பதிவேட்டின் நகலை இணைத்திருந்தான். எழுபது நாள், எழுபது கையெழுத்து, அத்தனையும் பீட்டரின் கையெழுத்து. ஆகவே நோய் தொற்றிய இடம் காட்டுப்பள்ளி என்று கோப்பில் ஏறியது. மலை இருக்கும் மாவட்டத்துக்குச் சொல்லலாமே என்று என் அதிகாரியிடம் மன்றாடினேன்.

"ஆதாரம் இருக்காம்மா? நோயாளி எழுதிக் குடுப்பானா?" என்றார்.

பீட்டரிடம் கேட்டேன். மாட்டேன் என்றான். "வாக்கு குடுத்துட்டேன்க்கா. நான் எழுதினா பதினோரு பேர் பொழப்புல மண்ணு. எனக்கு சுகிர்தா வந்தா போதும்." சுகிர்தா வருவதற்கும் அதுதானே வழி என்று கத்தினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். என் வாழ்க்கையில் பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொய்யை இத்தனை நேர்மையாகக் காப்பாற்றுகிறவனை அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. சோழவரத்துக்கு நான் மட்டும் போனேன். "அந்த ஷெட்ல பன்னெண்டு பேர் படுத்தாங்க. இன்னொருத்தனுக்கும் இதே புண்ணு இருந்தா நம்புவியா?" என்று கேட்டேன். "காட்டு. பாத்துட்டு சொல்றேன்" என்றாள் சுகிர்தா.

பூச்சி பிடிக்கப் போவது போலவே வீடு வீடாகப் போனோம், நானும் அவளும் பீட்டரும். முதல் மூன்று வீட்டிலும் காட்டுப்பள்ளிதான். ஒருவன் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. நாலாவது, எளாவூர்ப் பக்கம் லோகுவின் வீடு. அவன் காதில் துணி சுற்றியிருந்தான். மனைவி சுமலதா கடைக்குப் போயிருந்தாள். லோகு பீட்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"காதுல இன்னா?" என்றேன்.

"பொறி பட்டுச்சிக்கா."

"எத்தினி மாசமா?"

"அது தானா ஆறிடும்க்கா. ஒரு நாலஞ்சு மாசம் ஆவுது."

துணியை விலக்கச் சொன்னேன். காது மடலின் விளிம்பு கரைந்துபோயிருந்தது. அதே தடித்த ஓரம், அதே பொருக்கு. எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டேன். "காட்டுப்பள்ளி" என்றான், பீட்டரைப் பார்க்காமல்.

சுகிர்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். குரல் அலுங்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரும் அங்கதாண்ணா இருந்தாரு. ரொம்ப கஷ்டம்னு சொன்னாரு. குளிக்கத் தண்ணி எப்படிண்ணா?"

"தண்ணியா? ஐஸும்மா அது. காலைல ஊத்திக்கினா பல்லு அடிச்சிக்கும்."

"குடிக்க?"

"அதேதான். சும்மா இனிக்கும். ஆனா அட்டைப்பூச்சிதான் பேஜாரு. காலெல்லாம் ரத்தம்."

காட்டுப்பள்ளியில் கிணறு தோண்டினாலும் உப்புதான் வரும். அட்டைப்பூச்சியைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். லோகு பேசி முடித்த பிறகுதான் தான் பேசியதைக் கேட்டான். அந்த நேரம் பார்த்துச் சுமலதா பையோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் லோகு சத்தமாக, "காட்டுப்பள்ளிதான்க்கா, வேற எங்கயும் போவல" என்றான். அவன் பையன், "நைனா, ஏன் கத்தற?" என்று கேட்டான். சென்னைக்கு வா, ஊசி இருக்கிறது என்று கூப்பிட்டேன்; பொறிதான், ஆறிவிடும் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

ரோட்டுக்கு வந்ததும் சுகிர்தா நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் பீட்டரின் சட்டையைப் பிடித்தாள்.

"மணவாளனுக்குக் குடுத்த வாக்க காப்பாத்தின. சர்ச்ல எனக்கு இன்னா வாக்கு குடுத்த? என்னாண்ட சொல்லியிருந்தா நான் தெருவெல்லாம் போய் தம்பட்டமா அடிப்பேன்? ராத்திரி ராத்திரி உக்காந்து, எனக்கு இன்னா கொற, ஏன் என்ன வுட்டுப் போனாருன்னு எத்தினி மாசம் யோசிச்சிருப்பேன் தெரியுமா?"

பீட்டர் அழுதான். எனக்கும் அவனுக்காக அழுகை வந்திருக்கலாம், வரவில்லை. நான் அவள் பக்கம் நின்றேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அவள் மகளோடு வீட்டுக்கு வந்தாள். புண்ணைத் தானே கழுவினாள், ஊசிக்கு வாராவாரம் கூடவே போனாள். ஆனால் பேச்சு அளந்துதான். வேலையிலிருந்து அவன் வந்ததும், "எங்க வேலை இன்னிக்கு?" என்று கேட்பாள். சிப்காட் என்பான். "சரி" என்பாள். அந்தச் சரியைச் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கே வேதனையாக இருக்கும். அவள் வந்தது பாதிதான். மீதி அவன் கையில் இருந்தது, அவன் அசைவதாகத் தெரியவில்லை.

கோப்பு மட்டும் அசைந்தது. நோய் தொற்றிய காட்டுப்பள்ளியில் மூன்று நாள் பூச்சி ஆய்வு செய்ய எனக்கு உத்தரவு வந்தது. வெள்ளைத்தாளில் ஆமணக்கெண்ணெய் தடவி, தொழிலாளர் தங்குமிடச் சுவர்களில் மாட்டினேன்; மணல் ஈ இருந்தால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாத ஈ எப்படி ஒட்டும்? நாலு வீட்டு ஈயும் கொஞ்சம் புழுதியும்தான் ஒட்டின. "நோய் பரப்பும் பூச்சி காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை வைத்து, தொடர் நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை மூடினார்கள். அதே வாரம் மணவாளன் அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்கிறான் என்று தெருவில் பேச்சு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாங்கள் எல்லோரும் பீட்டர் வீட்டில்தான் இருந்தோம். சுகிர்தா கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் சுமலதா வந்து நின்றாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பையன். நடந்தே வந்திருக்கிறாள், செருப்பு முழுக்கப் புழுதி.

உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "அக்கா, இவரு காது பாதி போயிட்ச்சி. டாக்டரு அது அந்தமாரி பொம்பளைங்ககிட்ட போனா வர்ற சீக்கா இருக்கும்னு டெஸ்ட்டு எழுதிக் குடுத்தாரு. எங்க போனன்னு கேட்டா காட்டுப்பள்ளி, காட்டுப்பள்ளி. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்ன ஒண்ணு தெரிஞ்சிக்கணும். எழுபது நாளு அந்தாளு எங்க இருந்தாரு?"

நான் வாயைத் திறந்தேன். சுகிர்தா முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டு, சும்மா இரு என்பதுபோல என் கையைப் பிடித்தாள். அவள் பீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீட்டர் எழுந்து வாசலுக்குப் போனான். தாடியை மழித்திருந்தான், கன்னத்துத் தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினான்.

"காட்ல இருந்தான்மா. என்கூட. என் பாய்க்கு அடுத்த பாய். எழுபது நாளும் எங்கயும் போவல. உன் பேரத்தான் சொல்லிக்கினு இருப்பான்."

சுமலதா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பையன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீட்டர் உள்ளே வந்து, மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான்.

"அக்கா, உங்க ஆபீஸுக்கு எப்டி எழுதணும், சொல்லு."

சொன்னேன். மலையின் பெயர், ஷெட் இருந்த இடம், போன தேதி, வந்த தேதி. பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதினான். கையெழுத்துப் போடுமுன் சுகிர்தாவிடம் நீட்டினான். அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தாள். தேதி ஒன்று தப்பு என்று திருத்தினாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "போடு" என்றாள்.